ரிமினி: தண்டவாளத்துக்கு இரு பக்கமும்

இத்தாலியின் ரிமினி நகரத்துக்குப் போகத் திட்டமிடும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை. நான் இருப்பது போலோன்யாவில். கோடை வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் ரிமினியில்தான் இருப்பார்கள், நாங்களும் அப்படித்தான்.

அண்ணா, இத்தாலி என்றாலே ரோம், வெனிஸ் என்கிறார்கள். இந்த ரிமினி எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

வடகிழக்கே, எமிலியா ரொமான்யா மாநிலத்தில், அட்ரியாட்டிக் கடலோரம். போலோன்யாவுக்கு விமானத்தில் வந்து ரயில் பிடிப்பதுதான் சுலபம், வேக வண்டியில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ரிமினியிலும் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது, ஆனால் அங்கே வரும் விமானங்கள் குறைவு.

தம்பி, வரைபடத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். வட இத்தாலியின் பெரிய சமவெளி தென்கிழக்கே வந்து முடிகிற மூலை ரிமினி. அதற்குத் தெற்கே அப்பெனைன் மலைகள் கடலை நெருங்கி வந்துவிடுகின்றன. ரோமிலிருந்து வடக்கே போகும் படை சமவெளியில் கால் வைக்க இந்த இடுக்குதான் சுலபமான வழி. அதனால்தான் ரோமானியர்கள் கி.மு. 268இல் அரிமினும் என்ற பெயரில் இங்கே குடியேற்றம் அமைத்தார்கள். ரோமிலிருந்து வரும் ஃப்ளமினியா சாலை (கி.மு. 220) இங்கே முடிகிறது, பியாச்சென்சாவுக்குப் போகும் எமிலியா சாலை (கி.மு. 187) இங்கே தொடங்குகிறது. மாநிலத்தின் பெயரில் வரும் எமிலியாவே அந்தச் சாலையின் பெயர்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடல் பக்கம் ஹோட்டல்களும் குடைகளும், மறுபக்கம் இரண்டாயிரம் வருடப் பழைய ஊர். வருகிறவர்களில் நிறையப் பேர் ஒரு வாரம் முழுக்கக் கடல் பக்கமே இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அந்தத் தண்டவாளத்தைக் கடந்து வாருங்கள். கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் நான் கடைசியில் கேட்டுக்கொள்வது இதைத்தான்.

கடல் ஆழமே இல்லையாமே? ஐந்து வயதுப் பையனை இறக்கலாமா?

தாராளமாக. அட்ரியாட்டிக்கின் வடபகுதியே ஆழம் குறைந்த கடல். ரிமினியில் கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் பெரியவர்களுக்குத் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. தரையில் பாறை கிடையாது, நைசான மணல். காலையில் அலை அடங்கி இருக்கும்போது குழந்தைகள் பிளாஸ்டிக் வாளியோடு முட்டிவரைத் தண்ணீரில் உட்கார்ந்து நண்டுக்குஞ்சு தேடிக்கொண்டிருப்பார்கள். இத்தாலியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வருவதற்கு இதுதான் காரணம்.

மணலைக் கொண்டுவருபவை இந்தப் பக்கத்து ஆறுகள். கடலோர நீரோட்டம் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. துறைமுகத்தின் நீண்ட கல் சுவர் குறுக்கே நிற்பதால் மணல் அதன் தெற்குப் பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. ஆகவே துறைமுகத்துக்குத் தெற்கே கடற்கரை மிக அகலம். வடக்கே விசெர்பா பக்கம் மணல் அரித்துப் போய், கடலுக்குள் வரிசையாகப் பாறைகளைப் போட்டு அலையைத் தடுத்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளுக்கு உள்ளே தண்ணீர் இன்னும் அமைதியாக இருக்கும், சின்னக் குழந்தைகளுக்கு அந்தப் பக்கமே நல்லது.

ஆனால் நீலப் பளிங்குத் தண்ணீரை எதிர்பார்த்து வராதீர்கள். அதற்கு சார்டீனியா தீவுக்குப் போக வேண்டும். மணல் அடித்தளமும் வடக்கே போ ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலும் சேர்ந்து இங்கே தண்ணீரைக் கொஞ்சம் கலங்கலாகவே வைத்திருக்கும். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் இறங்கவே கூடாது. வடகிழக்கிலிருந்து போரா காற்று வீசும் நாளில் இந்த ஆழமில்லாத கடலும் முரடாகிவிடும்.

கடற்கரைக்குப் போகக் காசு கேட்கிறார்களாமே, உண்மையா?

கடற்கரை அரசின் சொத்து, யாரும் நடக்கலாம், தண்ணீரில் இறங்கலாம். காசு குடைக்கும் சாய்வுப் படுக்கைக்கும்தான். கரை முழுவதும் பாஞ்ஞோ எனப்படும் குளியல் நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உள்ளூர்க்காரர்கள் இடத்தையே எண்ணால்தான் சொல்வார்கள், '63க்கு வா' என்று. தண்ணீருக்கு அருகே உள்ள வரிசையில் கட்டணம் அதிகம், பின்னே போகப்போகக் குறையும். குளியல் அறை, உடை மாற்றும் அறை, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் அதில் அடக்கம். நாங்கள் பின்வரிசைதான் எடுப்போம், கொஞ்சம் நடந்தால் கடல். காசே வேண்டாம் என்றால் இலவசக் கரை இருக்கிறது, துறைமுகத்தை ஒட்டி ஒன்று. துண்டை விரித்துப் படுக்க வேண்டியதுதான்.

மணலில் வந்து விற்பவர்களிடம் போலி பிராண்ட் கைப்பை, கண்ணாடி வாங்காதீர்கள். இத்தாலியச் சட்டப்படி வாங்குகிறவருக்கும் அபராதம் உண்டு.

சார், ரோமானியச் சின்னங்கள் என்னென்ன பார்க்கலாம்? அரை நாள்தான் இருக்கிறது.

அரை நாள் போதும். அகஸ்டஸ் வளைவிலிருந்து திபேரியஸ் பாலம் வரை ஒரே நேர்த்தெரு, கால் மணி நேர நடை. ரோமானியர்கள் போட்ட தெருவின் தடத்திலேயே இன்றைய தெருவும் போகிறது.

வளைவு கி.மு. 27ஐச் சேர்ந்தது. இன்று நிற்கும் ரோமானிய வளைவுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. திறப்பு ஏறக்குறைய 9 மீட்டர் அகலம். அவ்வளவு பெரிய வாசலுக்குக் கதவு போட முடியாது. உள்நாட்டுப் போர் முடிந்துவிட்டது, இனி ஊருக்குக் கதவு தேவையில்லை என்று அகஸ்டஸ் காட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். உச்சியில் பற்கள் மாதிரித் தெரியும் செங்கல் வேலை ரோமானியருடையது அல்ல, இடைக்காலத்தில் வைத்தது.

பாலம்தான் எனக்கு உயிர். கி.பி. 14இல் அகஸ்டஸ் தொடங்கி 21இல் திபேரியஸ் முடித்தது. இஸ்த்ரியாவின் வெள்ளைக் கல்லில் ஐந்து வளைவுகள். நடுவில் நின்று கைப்பிடிச் சுவரின் உட்புறத்தைப் பாருங்கள், இரண்டு பேரரசர்களின் பட்டங்களும் லத்தீனில் வெட்டப்பட்டிருக்கும், விரலால் தடவிப் படிக்கலாம். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை மற்றப் பாலங்களைத் தகர்த்தது, இது தப்பியது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதன் மேல் கார் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது நடப்பவர்களுக்கு மட்டும்.

பாலத்தைத் தாண்டினால் போர்கோ சான் ஜூலியானோ, பழைய மீனவர் குடியிருப்பு. வண்ண வண்ணச் சிறு வீடுகள், சுவர்களில் இந்த ஊரில் பிறந்த திரைப்பட இயக்குநர் ஃபெலினியின் படக் காட்சிகளின் ஓவியங்கள். மாலையில் போங்கள்.

சீசர் கடந்த ரூபிகான் ஆறு ரிமினியில்தானே ஓடுகிறது?

ஊருக்குள் இல்லை, வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டரில். எந்த ஓடை உண்மையான ரூபிகான் என்று நூற்றாண்டுகளாகச் சண்டை. 1933இல் ஃபியுமிச்சீனோ என்ற சிற்றாற்றுக்கு அரசு அந்தப் பெயரைக் கொடுத்து முடித்துவைத்தது. பார்த்தால் 'இதையா கடந்தார்' என்று தோன்றும், அவ்வளவு சிறியது. அன்றைய இத்தாலியின் எல்லையான அதை கி.மு. 49இல் படையோடு கடந்ததும் சீசர் பிடித்த முதல் ஊர் ரிமினி. அவர் வீரர்களிடம் பேசியதாகச் சொல்லப்படும் பழைய மன்றம்தான் இன்றைய மூன்று தியாகிகள் சதுக்கம். 1944 ஆகஸ்டில் அங்கே தூக்கிலிடப்பட்ட மூன்று இளம் போராளிகளின் நினைவாக அந்தப் பெயர்.

நான் அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ரிமினியில் பழங்கால மருத்துவர் வீடு ஒன்று இருக்கிறதாமே?

அக்கா, நீங்கள் இதற்காகவே ரிமினிக்கு வரலாம். 1989இல் ஃபெர்ராரி சதுக்கத்தில் தோட்ட வேலையின்போது வெளிப்பட்ட வீடு அது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் தீப்பிடித்து இடிந்து விழுந்ததால் உள்ளே இருந்தவை அப்படியே புதைந்துபோயின. 2007 முதல் கண்ணாடிப் பாலங்களின் மேல் நடந்து கீழே மொசைக் தரையைப் பார்க்கலாம். மருத்துவர் நோயாளிகளைப் பார்த்த அறையின் தரையில் யாழ் மீட்டும் ஆர்ஃபியஸ், சுற்றிலும் விலங்குகள்.

கருவிகள் பக்கத்தில் உள்ள நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூற்றைம்பதுக்கும் மேல். கத்திகள், இடுக்கிகள், பல் பிடுங்கும் குறடு, மருந்து அரைக்கும் குழவிகள். தீயின் வெப்பத்தில் சில ஒன்றோடொன்று உருகி ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன, அந்தக் கட்டியையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கால் பாத வடிவில் ஒரு மண் பாத்திரம் உண்டு, வெந்நீரோ குளிர்நீரோ ஊற்றிக் காலுக்கு ஒத்தடம் கொடுக்க. எலும்பு முறிவு, காயம் சம்பந்தமான கருவிகள் அதிகம் என்பதால் படையில் வேலை பார்த்தவராக இருக்கலாம் என்கிறார்கள். அவர் பெயர் யூட்டிக்கெஸ் என்று கருதுவதற்குக் காரணம், படுக்கை அறைச் சுவரில் யாரோ 'யூட்டிக்கெஸ் நல்ல மனிதர்' என்று கீறி வைத்திருப்பதுதான். நோயாளி ஒருவர் எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சுவர் நிறையச் சொல்லும்.

தேவாலயத்துக்குள் யானைகள் இருக்கின்றனவா?

ஆமாம், மலதெஸ்தா கோயிலில். பதினைந்தாம் நூற்றாண்டில் ஊரை ஆண்ட சிஜிஸ்மொண்டோ மலதெஸ்தாவின் குலச் சின்னம் யானை. உள்ளே தூண்களையும், அவர் காதலித்து மணந்த இசோத்தாவின் கல்லறைப் பேழையையும் கல் யானைகள் தாங்கி நிற்கின்றன. வெளி முகப்பை வடிவமைத்தவர் ஆல்பெர்தி. சிஜிஸ்மொண்டோவின் கையில் பணமும் அதிகாரமும் கரைந்துபோக, முகப்பின் மேல்பாதி முடியாமலே நின்றுவிட்டது. ஜொத்தோவின் சிலுவை ஓவியமும் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்காவின் சுவரோவியமும் உள்ளே உண்டு. இது ஊரின் தலைமைத் தேவாலயம், தோள் மூடிய உடையில் போங்கள். கடற்கரை உடையோடு வந்து வாசலிலேயே திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு பழைய ஊர் எப்போது கடற்கரைச் சுற்றுலா ஊரானது?

1843இல். பல்தீனி என்ற பிரபு சகோதரர்களும் தின்தோரி என்ற மருத்துவரும் சேர்ந்து முதல் கடற்குளியல் நிலையத்தைத் திறந்தார்கள். அப்போது கடல் என்பது மருந்து, மருத்துவர் சொன்னால்தான் பணக்காரர்கள் இறங்குவார்கள். 1861இல் போலோன்யாவிலிருந்து ரயில் வந்ததும் கூட்டம் வந்தது. 1908இல் கிராண்ட் ஹோட்டல். முசோலினி காலத்தில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கோடைக்கு அனுப்பிவைக்கப் பெரிய பெரிய விடுதிகளைக் கரையில் கட்டினார்கள். அவற்றில் சில இன்றும் மிராமாரே பக்கம் நிற்கின்றன.

அப்புறம் போர். 1943 நவம்பரிலிருந்து குண்டுவீச்சு. ஜெர்மானியரின் கோத்திக் பாதுகாப்பு வரிசை இந்தப் பக்கம்தான் கடலைத் தொட்டது. 1944 செப்டம்பர் 21 அன்று கிரேக்கப் படைப்பிரிவும் கனடியர்களும் நுழைந்தபோது ஊரில் பெரும்பகுதி இடிபாடு. ஊர்க்காரர்கள் அதன் மேல்தான் இன்றைய ரிமினியைக் கட்டினார்கள். இருந்த வீட்டில் இரண்டு அறையைக் கூட்டி வாடகைக்கு விட்டு, வீட்டு அம்மா சமைத்துப் போட, பிள்ளைகள் பரிமாற, குடும்பமே கோடை முழுக்கக் கீழ்த்தளத்தில் படுத்து உறங்கியது. பென்சியோனே எனப்படும் அந்தச் சிறு விடுதிகளை நம்பித்தான் ஐம்பது, அறுபதுகளில் ஜெர்மானியர்கள் வந்து குவிந்தார்கள். சண்டை போட்டு முடித்துப் பதினைந்து வருடம்கூட ஆகவில்லை, அவர்களுக்கே தட்டு வைத்துப் பரிமாறியிருக்கிறார்கள். இந்த ஊரின் மீது எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இதனால் வந்தது.

1989 கோடையில் இன்னோர் அடி. கடல் பாசிகள் பெருகி, கொழகொழவென்று ஒரு படலம் தண்ணீரை மூடியது. பயணிகள் ஓடினார்கள். கடலை மட்டும் நம்பினால் ஆகாது என்று ஊர் கண்காட்சி, மாநாடு, பழைய நகரம் எனத் திரும்பியது அதன் பிறகுதான். கழிவுநீர்க் குழாய்களையும் 2013 முதல் பெரிய செலவில் மாற்றி வருகிறார்கள். போரில் குண்டு விழுந்த கல்லி நாடக அரங்கம் 2018இல்தான் மீண்டும் திறந்தது. 1857இல் வெர்தி தன் 'அரோல்தோ' இசை நாடகத்தை முதன்முதலில் அரங்கேற்றிய இடம் அது.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் இருந்தார். ரிமினியில் இந்திய வீரர்களின் கல்லறை உண்டா?

உண்டு. நான்காவது இந்தியப் படைப்பிரிவு 1944 செப்டம்பரில் ரிமினிக்குப் பின்னால் உள்ள மலைகளிலும், பக்கத்திலுள்ள சான் மரீனோ என்ற குட்டித் தனி நாட்டிலும் போரிட்டது. சான் மரீனோ போகும் சாலையிலேயே ரிமினி கூர்க்கா போர்க் கல்லறை இருக்கிறது, அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே உறங்குகிறார்கள். விக்டோரியா கிராஸ் வீர விருது பெற்ற ஷேர் பகதூர் தாபாவின் கல்லும் அங்கேதான். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவுச் சின்னம் உண்டு. வடமேற்கே ஃபோர்லியில் இந்திய இராணுவக் கல்லறை ஒன்றும் இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினால் எந்த இடம், எந்த வரிசை என்று வரும். தாத்தாவின் தோழர்கள் பெயர் ஏதாவது நினைவிருந்தால் முன்பே தேடி வைத்துக்கொண்டு போங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். இங்கே தெருவுக்குத் தெரு கிடைப்பது பியதீனா, கல்லில் சுட்ட மெல்லிய கோதுமை ரொட்டி. பார்த்தால் சைவம் மாதிரியே இருக்கும், ஆனால் வழக்கமான மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் உண்டு, 'அல்லோலியோ' என்று கேளுங்கள். அதில் ருக்கோலா கீரையும் ஸ்குவாக்குவெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியும் வைத்துத் தருவார்கள். கீரை வைத்து மூடிச் சுட்ட கஸ்ஸோனே இன்னும் ருசி. பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் வயிற்றுச் சத்து சேர்ப்பது வழக்கம். அதுவும் கூடாது என்பவர்கள் தக்காளி பாஸ்தா, வதக்கிய கீரை என்று போய்விடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன் அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய இரண்டு வாரம் இத்தாலியே கடற்கரையில் இருக்கும், அறை விலையும் ஏறிவிடும். குளிர்காலத்தில் கடல் பக்கத்து ஹோட்டல்கள் பல மூடிவிடும், பழைய ஊர் மட்டும் எப்போதும்போல் இயங்கும்.

ஃபெலினி ரசிகன் நான். 'அமர்கார்ட்' எடுத்த இடங்களைக் காட்டுவீர்களா?

அவர் 1920இல் பிறந்து வளர்ந்த ஊர் இது, படத்தில் வருவதும் இந்த ஊர்தான். ஆனால் எடுத்தது ரோமின் சினெச்சித்தா ஸ்டூடியோவில், கடலைக்கூட பிளாஸ்டிக் விரிப்பில் செய்தார்கள். இங்கே பார்க்க வேண்டியவை, சிறுவயதில் அவர் படம் பார்த்த ஃபுல்கோர் திரையரங்கம், 2021இல் திறந்த ஃபெலினி அருங்காட்சியகம், ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மனைவி ஜூலியெத்தா மசீனாவோடு அவர் இருக்கும் கல்லறை.

மூன்று நாளுக்கு எப்படித் திட்டமிடலாம்?

முதல் நாள் முழுக்கக் கடல். இரண்டாம் நாள் காலை வெயில் ஏறும் முன் வளைவு, சதுக்கம், மலதெஸ்தா கோயில், மருத்துவர் வீடு. மதியம் ஓய்வு, மாலை பாலமும் போர்கோவும், சாப்பாடும் அங்கேயே. மூன்றாம் நாள் ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து சான் மரீனோ பேருந்து, ஒரு மணி நேரத்துக்குள் தனி நாட்டில் இருப்பீர்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், மலை உச்சிக் கோட்டையிலிருந்து இந்தக் கடற்கரை முழுவதும் தெரியும். திங்கட்கிழமைகளில் ரிமினி அருங்காட்சியகங்கள் பொதுவாக மூடியிருக்கும், அதனால் சான் மரீனோவைத் திங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.