பேய் வீட்டை இடித்துவிட்டு டிராகன் வளர்க்கலாமா?

கேள்வி: பழைய வீடு ஒன்றில் குடியேறும் குடும்பத்தைப் பற்றி ஓர் அமானுஷ்ய நாவல் எழுதி வருகிறேன். பாதி முடிந்துவிட்டது. அந்த வீட்டில் இருக்கும் ஆவியோடு குடும்பத்தின் மூத்த மகள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்தான் மையக்கதை. ஆவிக்கென்று சில சக்திகள், சில விதிகள் உண்டு என்பதால் ஃபேன்டஸியும் கலந்திருக்கிறது. படித்துப் பார்த்த நண்பர்கள், "பேய் வீடெல்லாம் பழங்கதை, இப்போது டிராகனும் காதலும்தான் ஓடுகிறது" என்கிறார்கள். இன்றைய போக்குக்கு ஏற்ப மாற்றி எழுதுவது நல்லதா?

பதில்: மாற்ற வேண்டாம். நண்பர்கள் சொன்ன காரணத்துக்காக நிச்சயம் வேண்டாம்.

ஒரு நாவலைப் பதிப்பகம் ஏற்றுக்கொண்ட பிறகு அது அச்சாகி வெளிவர ஓராண்டோ இரண்டாண்டோ ஆவது சாதாரணம். எழுதுவதற்குப் பிடித்த காலம் அதற்கும் முந்தியது. டிராகனையும் காதலையும் இணைத்த 'ஃபோர்த் விங்' 2023-இல் வெளியானபோது பலருக்கு அது புது அலையாகத் தெரிந்தது. ஆனால் ஃபேன்டஸியும் காதலும் சரிபாதியாகக் கலந்த சாரா ஜே. மாஸின் புகழ்பெற்ற தொடர் 2015-இலேயே தொடங்கிவிட்டது. போக்கு என்று நாம் அதற்குப் பெயர் வைக்கும்போது அது பாதி வழியைக் கடந்திருக்கும். இன்று அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதுபவரின் புத்தகம், வாசகர்கள் வேறெங்கோ நகர்ந்த பிறகு வந்து நிற்கும் வாய்ப்பே அதிகம்.

திகில் எழுத்து இதை ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 'ரோஸ்மேரிஸ் பேபி' (1967), 'தி எக்ஸார்சிஸ்ட்' (1971), 'கேரி' (1974) ஆகியவை பெரும் வெற்றி பெற்றன. அதன் பிறகு அமெரிக்கப் பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு பேய்க்கதைகளை அச்சடித்தன. 1980-கள் முழுக்கச் சாத்தான் பிடித்த குழந்தைகளும் அட்டையில் எலும்புக்கூடுகளும்தான். 1990-களின் தொடக்கத்தில் வாசகர்கள் சலித்துப்போக, சந்தை சரிந்தது. அலையைப் பார்த்து எழுதியவர்களில் பெரும்பாலோரின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

சரி, பேய் வீடு பழங்கதையா? ஆம், மிகப் பழையது. மேற்கத்தியத் திகில் நாவலின் தொடக்கமாகக் கருதப்படும் ஹொரேஸ் வால்போலின் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' 1764-இல் வந்தது. அதுவே ஒரு கோட்டைக்குள் நடக்கும் கதைதான். திருமண நாளன்று வானத்திலிருந்து விழும் ராட்சதத் தலைக்கவசம் மணமகனை நசுக்கிக் கொன்றுவிடுகிறது. இன்று படித்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அதன் அடியில் இருப்பது சிரிப்புக்குரிய விஷயமில்லை. அந்தக் கோட்டை, பாட்டன் விஷம் வைத்துக் கொன்று அபகரித்த சொத்து. பேரன் அதை அனுபவித்துக்கொண்டிருக்கிறான், கணக்குத் தீர்க்கும் நாள் வந்துவிட்டது.

அன்றிலிருந்து பேய் வீடு செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டே இருக்கிறது. ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959) நாவலில், நோயாளித் தாயைப் பராமரித்தே இளமையைத் தொலைத்த எலினார் என்ற பெண் அந்த வீட்டுக்கு வருகிறாள். எங்கேயும் அவளை யாரும் வேண்டுமென்று நினைத்ததில்லை. முதன்முதலாக அவளை வேண்டுவது ஒரு பேய் வீடு! அந்த நாவலின் பயம் முழுவதும் இந்த ஒரு நிலைமையிலிருந்து ஊறி வருகிறது. ஸ்டீபன் கிங்கின் 'தி ஷைனிங்' (1977) வீட்டை ஹோட்டலாக்கியது. உள்ளே இருப்பது, குடியை விட்டுவிட்டுத் தவிக்கும் அப்பா. ஒருமுறை கோபத்தில் தன் மகனின் கையையே முறித்தவர். சில்வியா மொரேனோ கார்சியாவின் 'மெக்சிகன் காத்திக்' (2020) 1950-களின் மெக்சிகோவில் நடக்கிறது. மலைமேல் இருக்கும் அந்த மாளிகை, வெள்ளிச் சுரங்கத்தால் கொழுத்த ஆங்கிலேயக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் தங்கள் இரத்தத்தின் 'தூய்மை' பற்றிப் பேசுகிறார்கள், சுவர்களில் பூஞ்சை படர்ந்திருக்கிறது.

நான்கிலும் கட்டடம் ஒன்றுதான், பயம் வேறு வேறு. உங்கள் நண்பர்கள் கவனிக்காமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். பருவத்துக்குப் பருவம் மாறுவது பேயின் உடை. ரத்தக்காட்டேரி வரும், பிணங்கள் எழுந்து நடக்கும், அப்புறம் பூஞ்சை வரும். அந்த உடைக்குள் இருக்கும் பயங்கள் மிகச் சிலவே, அவை அவ்வளவு எளிதில் பழசாவதில்லை.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதை ஒரே நூற்பாவில் வகுத்துவிட்டது: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." தெய்வமும் பேயும் போன்ற அமானுஷ்யம், மிருகம், திருடர், அதிகாரத்தில் இருப்பவர் என்று அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு. திகில் நாவல் எழுதுபவர்கள் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம். நல்ல பேய்க்கதைகளில் மேலே அணங்கு இருக்கும், அடியில் மற்ற மூன்றில் ஒன்று இருக்கும். ஒட்ரான்டோவின் அடியில் இருப்பவன் கள்வன். 'ஷைனிங்'கில் இருப்பவர் இறை, அதாவது வீட்டுக்குள் அதிகாரம் செலுத்தும் தந்தை. மெக்சிகோ மாளிகையில் கள்வரும் இறையும் ஒரே ஆள்தான். எலினாரின் தனிமை மட்டும் இந்த நான்கில் எதிலும் அடங்க மறுக்கிறது. கடந்த நூற்றாண்டு இந்தப் பட்டியலில் சேர்த்த ஐந்தாவது அது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆவியை முழுவதுமாக நீக்கிவிட்டு, அந்தக் குடும்பத்தின் கதையை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். சொல்வதற்கு ஏதாவது மிஞ்சுகிறதா? கடன், மறைத்த ஒரு மரணம், யாரோ ஒருவரின் கொடுமை, பெற்றவர்களிடமே அந்நியமாகிப்போன மகள் என ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் உங்கள் பேய் வீடு பழசில்லை. எதுவுமே மிஞ்சாவிட்டால் பிரச்சினை வீட்டில் இல்லை. டிராகனைக் கொண்டுவந்தாலும் அது வெறும் இறக்கை வைத்த பல்லியாகத்தான் இருக்கும்.

போக்குகளை அறிந்துகொள்வதே வீண் என்று சொல்லவில்லை. இன்று கவனிக்க வேண்டியவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, பழைய பயங்களை மறுபக்கத்திலிருந்து எழுதுவது. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் 1927-இல் வெளியிட்ட ஒரு சிறுகதையில் புலம்பெயர்ந்தவர்களும் வேற்றினத்தவரும்தான் பயங்கரம். விக்டர் லவால் 2016-இல் அதே கதையை ஒரு கறுப்பின இளைஞனின் கண்வழியாகத் திருப்பி எழுதினார். உலக ஃபேன்டஸி விருதின் சிலை பல ஆண்டுகளாக லவ்கிராஃப்டின் தலையாகவே இருந்தது. அதைக் கைவிடுவதாக 2015-இல் அறிவித்தார்கள். என். கே. ஜெமிசின் தன் 'புரோக்கன் எர்த்' முத்தொடருக்காக 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருதைப் பெற்றார். அதில் அடிமைப்பட்டவர்களிடம்தான் நிலத்தை நடுங்க வைக்கும் ஆற்றல் இருக்கிறது, அந்த ஆற்றலுக்காகவே அவர்களை அடக்கி வைக்கிறார்கள். யார் யாரைக் கண்டு பயப்படுகிறார்கள் என்ற கேள்வியை இந்தப் படைப்புகள் புரட்டிப் போட்டுவிட்டன. உங்கள் நாவலுக்கும் இது நேரடியாகப் பயன்படும்: அந்த ஆவி யாரைக் கண்டு பயப்படுகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

மற்ற போக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போரும் பேரழிவும் இல்லாத, இதமான சிறு ஃபேன்டஸிக் கதைகளுக்கு 2022 வாக்கில் பெரிய வரவேற்பு கிடைத்தது. தனித்த ஊரும் அதன் சடங்குகளும் பயமுறுத்தும் கதைகளும், உடலே எதிரியாகும் கதைகளும் தொடர்ந்து எழுதப்படுகின்றன. காதல் ஃபேன்டஸியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வாசகர்கள் ஒரு வாக்குறுதியை நம்பிப் படிக்கிறார்கள்: காதலர்கள் கடைசியில் சேருவார்கள். திகில் வாசகர் அதற்கு நேர்மாறாக, யாரும் தப்பாமல் போகலாம் என்ற சந்தேகத்துடனேயே பக்கம் புரட்டுகிறார். பாதி எழுதிய பேய்க்கதையில் நடுவே காதலை ஒட்டவைத்தால் இருதரப்பும் ஏமாந்துபோகும்.

உங்கள் நாவலில் எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு இடம். ஆவிக்கு 'சக்திகள், விதிகள்' உண்டு என்கிறீர்களே, அங்கேதான் திகிலும் ஃபேன்டஸியும் சண்டையிடும். மாயத்தால் ஒரு சிக்கலைத் தீர்ப்பதானால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே எந்த அளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் தீர்வு நிறைவு தரும் என்று ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு கொள்கை சொல்லியிருக்கிறார். ஃபேன்டஸிக்கு இது சரி. திகிலில், புரிந்துவிட்டால் பயம் போய்விடும். வரவிருப்பதை நினைத்து விரியும் அச்சமும், வந்துவிட்டதைக் கண்டு உறைந்துபோகும் பீதியும் வேறு வேறு என்று பழைய ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப் எழுதிய கட்டுரை 1826-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. விதிகளை முழுவதும் விளக்கினால் இரண்டுமே கிடைக்காது, வெறும் தகவல்தான் கிடைக்கும்.

இரண்டையும் ஒரே நாவலில் சாதித்தவர் உர்சுலா லெ குவின். 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' (1968) நாவலில் மாயத்தின் விதி தெளிவானது: எதன் உண்மைப் பெயரை அறிகிறாயோ அதை நீ ஆளலாம். பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெளிவு. அப்படிப்பட்ட உலகத்தில், இளம் மந்திரவாதியின் செருக்கால் ஒரு நிழல் உள்ளே வந்துவிடுகிறது. அதன் பெயர் பள்ளியின் ஆசான்களுக்கே தெரியவில்லை. விதி தெளிவாக இருப்பதால்தான் அந்த விதிக்குள் அடங்காதது இவ்வளவு அச்சுறுத்துகிறது. விதிகளே இல்லாத கதையில் அதே நிழல் வந்திருந்தால் இன்னொரு பூதம், அவ்வளவுதான்.

உங்கள் ஆவிக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் மகள் என்ன பெறுகிறாள், பதிலுக்கு என்ன கொடுக்கிறாள் என்பது வாசகருக்குத் துல்லியமாகத் தெரியட்டும். கொடுக்க வேண்டியது அத்தியாயத்துக்கு அத்தியாயம் கூடட்டும். ஆவிக்கு அது எதற்கு என்பதை மட்டும் சொல்லாதீர்கள். அது எங்கிருந்து வந்தது, எப்போது செத்தது, யார் சாபமிட்டார்கள் என்று பாதியில் ஒரு முதியவர் வந்து விளக்கும் அத்தியாயம் இருந்தால் இன்றே வெட்டிவிடுங்கள். பரணில் கிடைக்கும் பழைய நாட்குறிப்பு இருந்தால் அதையும்தான். கிடைத்த ஏட்டுச்சுவடி என்ற உத்தியை வால்போல் 1764-இலேயே பயன்படுத்திவிட்டார். தன் நாவலைப் பழைய இத்தாலியப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டு, அடுத்த பதிப்பில் உண்மையை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று, இன்றைய வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கேட்பார்: ஏன் இவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகவில்லை? புயல், பூட்டிக்கொண்ட கதவு என்று வெளிக்காரணம் சொல்வது ஓரிரவுக்குத்தான் தாங்கும். எலினாருக்குத் திரும்பிப் போக வீடில்லை. 'ஷைனிங்' அப்பாவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லை. பனி வந்து பாதையை மூடுவது அப்புறம்தான். மெக்சிகோவில், நோயுற்ற உறவுப்பெண்ணை விட்டுவிட்டுக் கிளம்ப நாயகிக்கு மனமில்லை. உங்கள் குடும்பத்தின் காரணம் ஒப்பந்தத்தோடு பின்னியிருக்க வேண்டும். மகள் ஆவியிடமிருந்து பெறுவது எதுவோ, அதை இழக்க முடியாததால் அவள் தங்குகிறாள். அவளை விட முடியாததால் மற்றவர்கள் தங்குகிறார்கள். இப்படி அமைத்தால் வீட்டுக்குப் பூட்டே தேவையில்லை.

பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் 'பேய் வீட்டுக் கதை' என்று தொடங்காதீர்கள். மகளின் பெயர், அவள் கேட்டது, அவள் கொடுத்தது என மூன்றையும் முதல் இரண்டு வரிகளுக்குள் சொல்லிவிடுங்கள், வீடு மூன்றாவது வரியில் வரட்டும். மாதிரி அத்தியாயங்கள் கேட்டால் ஒப்பந்தம் நடக்கும் அத்தியாயம் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அனுப்புவதைத் தள்ளிவைத்து, அந்த அத்தியாயத்தை முன்னால் கொண்டுவந்த பிறகு அனுப்புங்கள்.