பதில்: பின்தொடரும் முன்னாள் சக ஊழியர்

சகோதரி, கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கும் வேளைகளில் முன்னாள் சக ஊழியர் ஒருவர் ஒழுங்கை முனைவரை பின்தொடர்வதாகவும், புதிய புதிய இலக்கங்களிலிருந்து ஆபாசச் செய்திகள் அனுப்புவதாகவும், "அவன் தொடவே இல்லையே, எதைச் சொல்லி முறையிடுவது" என்று வீட்டார் தடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தொடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு திருத்தப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, சொல்லாலும் செயலாலும் இழைக்கப்படும் பாலியல் தொந்தரவையும் குற்றமாகக் கொள்கிறது. 5 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். மிரட்டல் இருந்தால் அது தனிக்குற்றம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் குடும்பத்தினருக்கும் துணைவருக்கும் எதிரானது என்பதால் உங்களுக்கு உதவாது.

செய்திகளை அருவருப்பில் அழித்துவிடாதீர்கள், ஏனெனில் தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் சம்பவங்கள், நாள், நேரம், இடம், பஸ் இலக்கம், கண்டவர் பெயர் ஆகியவற்றுடன் வரிசையாக எழுதப்படும்போதுதான் ஒரே நோக்கமுடைய தொடர்ச்சியாகப் பொலிஸாருக்குப் புலப்படும். தொடர்புகொள்ள வேண்டாமென ஒரேயொரு முறை எழுத்தில் அறிவித்துவிட்டு, பின்னர் எதற்கும் பதிலளிக்காதீர்கள்.

பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். தமிழில் முறையிடுவது உங்கள் உரிமை. விளங்காத சிங்கள வாக்குமூலத்தில் (அவசரப்படுத்தினாலும்) ஒப்பமிடாமல், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். அவர் வாசலுக்கே வந்தால் 119ஐ அழையுங்கள். மாடிக்குடியிருப்பின் காவலாளியிடம் இன்றே அவருடைய படத்தைக் காட்டிவிடுங்கள்.