டாலி வந்து உட்கார்ந்த மேசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னதால் ‘பிரீஃப் என்கவுண்டர்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். கல்யாணமான இருவர் வியாழக்கிழமைகளில் சந்திக்கிறார்கள், ரயில் நிலையத்தில் டீ குடிக்கிறார்கள், பிரிகிறார்கள். கூட உட்கார்ந்திருந்த அம்மா, “ரெண்டு டம்ளர் டீக்கு இத்தன அழுகாச்சியா கண்ணு?” என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்தது போலத்தான் இருந்தது. கடைசியில் அந்தப் புருஷனுக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?

– வாசகி, ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

கதையாகச் சொன்னால் அம்மா சொன்னதுதான். ஆனால் ‘அப்படியே’ என்கிறீர்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

படத்துக்கு மூலமான நோயல் கவர்டின் ‘ஸ்டில் லைஃப்’ 1936இல் மேடையேறிய சிறிய நாடகம். ஐந்து காட்சிகளும் ரயில் நிலையத்துச் சிற்றுண்டி அறைக்குள்ளேயே முடிந்துவிடும். கதாநாயகி லாராவின் வீடு அதில் இல்லை, அவள் புருஷன் மேடைக்கே வருவதில்லை. 1945இல் டேவிட் லீன் எடுத்த படத்தில்தான் அவருக்கு ஒரு நாற்காலியும் கையில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரும் கிடைத்தன. அவர் எதிரில் உட்கார்ந்து, அவரிடமே சொல்வதாக, லாரா முழுக் கதையையும் மனதுக்குள் சொல்கிறாள். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழாது.

படம் பிரிவில்தான் தொடங்குகிறது, கவனித்தீர்களா? யாரோ இருவர் மேசையில் இருக்கிறார்கள். டாலி என்ற தெரிந்த பெண்மணி வந்து உட்கார்ந்து பேசித் தள்ளுகிறாள். அந்த ஆள் எழுந்து லாராவின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறார். டாலி திரும்பிப் பார்த்தால் லாராவைக் காணோம். சற்றுக் கழித்து வெளிறிப்போய் வாசலில் நிற்கிறாள், எக்ஸ்பிரஸ் போவதைப் பார்க்கப் போனாளாம். டாலிக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும்.

படம் முடியும் தறுவாயில் அதே காட்சி மறுபடி வருகிறது. இப்போது அந்தக் கையின் கனம் தெரிகிறது. இந்தமுறை கேமராவும் அவளோடு பிளாட்பாரத்துக்குப் போகிறது, கோணம் சாய்கிறது, ஓடும் ரயிலின் வெளிச்சம் லாராவாக நடித்த சீலியா ஜான்சனின் முகத்தில் விட்டுவிட்டு அடிக்கிறது. ரயில் முன்னால் விழத்தான் ஓடினாள் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. நாடகத்தில் அவள் வெளியே ஓடியபின் நாம் அறைக்குள்ளேயே டாலியோடு இருந்தாக வேண்டும்.

டாலியை நமக்குத் தெரியாதாங்க? ஈரோடு ஜங்ஷனில் யாரையாவது மனசு கனக்க வழியனுப்பிக்கொண்டு நில்லுங்கள். “ஏனுங் அம்முணி, எங்க இந்தப் பக்கம்?” என்று ஒரு பெரியம்மா வந்து சேர்வார். கோபியில் நடந்த கல்யாணத்தில் தொடங்கி மஞ்சள் விலை வரைக்கும் வந்துவிட்டுத்தான் விடுவார். முகம் கோணாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

டீக்கடைக்காரம்மாவும் டிக்கெட் வாங்கும் ஊழியரும் அடிக்கும் கூத்து நாடகத்தின் மிச்சம், எனக்கும் அது கொஞ்சம் அதிகம்தான். ரயில் நிலையம் நிஜம்: வட இங்கிலாந்தில் லங்காஷயரில் உள்ள கார்ன்ஃபோர்த். இரண்டாம் உலகப்போர் முடியாத 1945 பிப்ரவரியில் லண்டன் பக்கம் ராத்திரியில் அத்தனை விளக்கு போட்டுப் படம் எடுக்க முடியாது என்றுதான் அவ்வளவு தூரம் வடக்கே போனார்கள்.

புருஷன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்கோ வெகுதூரம் போயிருந்தாய், என்னிடம் திரும்பி வந்ததற்கு நன்றி என்கிறார் இல்லையா? யார், என்ன என்று அவருக்குத் தெரியாது என்பதே என் எண்ணம். ஏதோ இருந்தது, அது முடிந்துவிட்டது என்ற அளவுக்குத் தெரியும். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. படம் பார்ப்பவர்கள் பலர் அவரை ஒரு மந்தமான மனுஷன் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். புதிரில் தலையை விட்டிருந்தபோதும் எதிரே இருந்தவளின் முகத்தை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.