கல்முனையில இருந்து வந்த புள்ளைக்கு கனடா ஹைஸ்கூல்ல கிஃப்டட் வகுப்பு கிடைக்குமா?

தங்கச்சி, நீங்க எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். கல்முனையில இருந்து ஸ்காபரோவுக்கு வந்து மூணு மாசம், மகள் 9ஆம் வகுப்பு, மகன் 4ஆம் வகுப்பு, ஊர்ல 5ஆம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினை பாஸ் பண்ணி வகுப்பில முதலாம் புள்ளையா இருந்தவள இஞ்ச ஈஎஸ்எல் எண்ட, இங்கிலீஷ் புதுசா பழகிற புள்ளையள்ட வகுப்பில போட்டுட்டாங்க, கூடக் கெட்டிக்காரப் புள்ளையளத் தெரிவு செய்ற கிஃப்டட் டெஸ்ட் எல்லாம் சின்ன வகுப்பிலயே முடிஞ்சி போச்சாம், இனி அவளுக்கு வழி இல்லையா எண்டு கேட்டிருந்தீங்க. வழி இரிக்கு தங்கச்சி, அதும் ஒண்டு ரெண்டில்ல. நான் கல்லடிப் பக்கம், வந்து கன வருசம், என்ட புள்ளையள் இஞ்சதான் ஹைஸ்கூல் முடிச்சவங்க, அதால தெரிஞ்சத சொல்றன்.

முதல்ல அந்த கிஃப்டட் கதைய முடிப்பம். நம்ம இரிக்கிற ஒண்டாரியோ மாகாணத்தில இது விசேட கல்விக்குள்ள வாற விசயம். பொதுவா 3ஆம் 4ஆம் வகுப்பில ஸ்கூலே டெஸ்ட் வைக்கும், அதில நல்லா செய்த புள்ளைய மறுகா ஐபிஆர்சி எண்ட ஒரு கமிட்டி பார்த்து முடிவு சொல்லும். ஆனா அந்த வயசோட கதவ சாத்திட்டாங்க எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. தாய் தகப்பன் எழுத்தில கேட்டா பிரின்சிபல் அந்தக் கமிட்டிக்கு அனுப்பித்தான் ஆகணும், 15 நாளுக்குள்ள உங்களுக்குப் பதிலும் தரணும், இது சட்டத்தில இரிக்கு. வாயால கேட்டா "பாப்பம்" எண்டு சிரிச்சிட்டுப் போவாங்க, அதால ஈமெயில்ல கேளுங்க, திகதி போட்டு.

எண்டாலும் என்ட அபிப்பிராயம், மகளுக்கு இப்ப அதுக்குப் பின்னால ஓட வேணாம். இங்கிலீஷ் இன்னும் பழகிற புள்ள, இப்ப டெஸ்ட் எழுதினா அவட மூளைய அது சரியா காட்டாது, பிரைவேட்டா சைக்கோலஜிஸ்டிட்ட போனா ஆயிரக்கணக்கில டாலர் போகும். யூனிவர்சிட்டி இத கேக்கப் போறதில்ல, அவங்க பாக்கிறது 12ஆம் வகுப்பில எடுத்த ஆறு பாடத்தோட மார்க்ஸ். அந்த ஆறுக்கும் போற பாதை இப்பவே, இந்த வருசமே தொடங்குது, அதத்தான் நம்மட ஆக்கள் கனபேர் கவனிக்கிறதில்ல.

கணக்கப் பாருங்க. 9ஆம் வகுப்பில எல்லாருக்கும் ஒரே கணக்குத்தான், பிரிக்கிறதில்ல. 10ஆம் வகுப்பில அகடமிக் (யூனிவர்சிட்டிப் பக்கம் போறது), அப்ளைட் (கொஞ்சம் லேசானது) எண்டு பிரியும். அப்ளைட் எடுத்தா 11இல யூனிவர்சிட்டிக்குப் போற ஃபங்ஷன்ஸ் பாடத்துக்கு நேரா போக ஏலா, அது இல்லாட்டி 12இல அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ், கல்குலஸ் ஒண்டும் இல்ல, பிறகு எஞ்சினியரிங் எண்டு வாயால சொல்லிக்கிட்டு இரிக்க வேண்டியதுதான். புதுசா வந்த புள்ளைக்கு இங்கிலீஷ் குறைவு எண்டதுக்காக கணக்கிலயும் லேசானத குடுக்கிற பழக்கம் சில இடத்தில இரிக்கு, இது எனக்கு பெரிய கவலை. எங்கட தெருவில அக்கரைப்பற்றுப் பொடியன் ஒருத்தனுக்கு இப்பிடித்தான் நடந்திச்சி, தாய் விடாம ஊர் ரிப்போட்ட இங்கிலீஷ்ல மொழிபெயர்த்துக் கொண்டு போய் குடுத்து, ஒரு தரம் சோதிச்சிப் பாருங்க எண்டு கேட்டா, சோதிச்சிப் பாத்துட்டு அவங்களே மேல போட்டாங்க. ஊர்ல படிச்சத மதிப்பிட்டு கிரெடிட் (ஒரு பாடம் முடிச்சதுக்குக் கிடைக்கிற அலகு) குடுக்கிற அதிகாரம் பிரின்சிபலுக்கு இரிக்கு. மகளோட பழைய ரிப்போட், ஸ்கொலர்ஷிப் ரிசல்ட் எல்லாம் ஊர்ல ஆரிட்டயாவது இருந்தா இப்பவே எடுப்பிச்சிடுங்க.

ஈஎஸ்எல்ல போட்டத அவமானமா எடுக்க வேணாம். ஹைஸ்கூல்ல அது ஏ இருந்து ஈ வரைக்கும் அஞ்சி படி, எல்லாம் கிரெடிட்தான், கட்டாய இங்கிலீஷ் நாலில மூணு வரைக்கும் அதால நிரப்பலாம். நாலாவது மட்டும் 12ஆம் வகுப்பு இங்கிலீஷா இரிக்கணும், யூனிவர்சிட்டிக்கு எண்டா யூனிவர்சிட்டி லெவல் இங்கிலீஷ். அதால வருசத்துக்கு ஒரு படி எண்டு மெல்லமா போனா கடைசியில நேரம் போதாது. டீச்சரிட்ட கேளுங்க, அடுத்த படிக்கு எப்ப, சம்மர் ஸ்கூல்ல ஒரு படி ஏறலாமா எண்டு. இந்தக் கேள்விய ஒவ்வொரு டேர்மும் கேளுங்க, அவங்க கோவிக்க மாட்டாங்க.

மறுகா ஹானர்ஸ் எண்ட மேல்மட்ட வகுப்பு பத்தியும் கேட்டிருந்தீங்க, அது அமெரிக்காவில உள்ளது, இஞ்ச அதுக்குப் பதிலா ஐபியும் (இன்டர்நெஷனல் பக்கலோரியேட்) ஏபியும் (அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்). ஐபி டிப்ளோமா 11, 12இல, ஆறு பாடம், அதில மூணு மேல் லெவல், 4000 சொல்லில ஒரு ஆய்வுக் கட்டுரை, மொத்தம் 45 புள்ளி. கன ஸ்கூல்ல 8ஆம் வகுப்பிலயே அதுக்கு விண்ணப்பிக்கணும், நடுவில சேக்கிறாங்களா எண்டு அந்தந்த ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க. மகளுக்கு ஏபிதான் சரி எண்டு நினைக்கிறன், பிடிச்ச ஒரு பாடத்தில மட்டும் எடுக்கலாம், மே மாசம் சோதினை, 5க்கு மார்க். 4, 5 வந்தா சில யூனிவர்சிட்டி முதல் வருசப் பாடத்துக்கு கிரெடிட் குடுக்கும்.

இதெல்லாத்தையும் விட லேசா இப்பவே செய்யக்கூடியது ஒண்டு, வாட்டர்லூ யூனிவர்சிட்டி நடத்திற கணக்குப் போட்டி. 9ஆம் வகுப்புக்கு பாஸ்கல், 10க்கு கெய்லி (Cayley), 11க்கு ஃபெர்மா, பெப்ரவரியில நடக்கும், பழைய பேப்பர் எல்லாம் இன்டர்நெட்ல சும்மா கிடைக்குது. இங்கிலீஷ் பெரிசா தேவையில்ல, கணக்கு ஓடணும், ஊர்ல படிச்ச நம்மட புள்ளையளுக்கு அது ஓடும். ஒரு சான்றிதழ் கிடைச்சா கணக்கு டீச்சர் அவள வேற கண்ணால பாப்பார், அதில இருந்து கன கதவு திறக்கும். கணக்கு டீச்சரிட்ட மகளே போய்ப் பேர் குடுக்கட்டும்.

40 மணித்தியாலம் தொண்டு வேலையும் ஹைஸ்கூல் டிப்ளோமாவுக்கு கட்டாயம், இந்த சம்மரே தொடங்கச் சொல்லுங்க, லைப்ரரியில கேட்டா கிடைக்கும். சனிக்கிழமை தமிழ் கிரெடிட் வகுப்பும் இரிக்கு, அந்த டிப்ளோமாவுக்குத் தேவையான 30 கிரெடிட்ல ஒண்டா சேரும்.

மகன் 4ஆம் வகுப்பு எண்டீங்களே, அவசரம் அவருக்குத்தான். இந்த வருசம் டெஸ்ட் எப்ப, புதுசா வந்த புள்ளைக்கு சொல்லில்லாத, படத்தால கேக்கிற பகுதிய தனியா பாப்பாங்களா எண்டு வகுப்பு டீச்சரிட்ட இந்தக் கிழமையே கேளுங்க. ஈமெயில் எழுதக் கஷ்டமெண்டா தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தித் தாறன்.