'லூஸ் அவுட்' என்பதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இது: ஆங்கிலத்தில் 'லூஸ் அவுட்' (lose out) என்றால் நட்டப்படுவதா, தோற்பதா? அதற்குப் பின்னால் 'ஆன்' வருமா, 'டு' வருமா? 'மிஸ் அவுட்' என்பதும் அதேதானா?

அகராதியில் 'நட்டமடை' என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிதான் சரியாக வரும். இதன் முழுப் பொருள், கிடைத்திருக்க வேண்டியது கிடைக்காமல் போவது. பெரும்பாலும் அது வேறு யாருக்கோ போயிருக்கும், இல்லையென்றால் ஏற்பாடே நமக்குப் பாதகமாக இருந்திருக்கும்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டு அன்று சாயங்காலமே விரிந்துவிடும், வைத்திருந்து விற்க வழியில்லை. காலையில் கிலோ 800 ரூபாய்க்குப் போனது, உங்கள் மூட்டை வந்து சேர்வதற்குள் 300-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'வெலை எறங்கிப் போச்சுண்ணே, நமக்குத்தான் நட்டம்' என்கிறோமே, அதுதான் 'வீ லாஸ்ட் அவுட்'. கிலோவுக்கு 500 ரூபாய் வராமல் போனதை 'வீ லாஸ்ட் அவுட் ஆன் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் எ கிலோ' என்று சொல்லலாம். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எவனோ பையை அறுத்து 500 ரூபாயை எடுத்துவிட்டால், அது வெறும் 'லாஸ்ட்'. கையில் இருந்தது போனால் 'லூஸ்'. கைக்கே வராதது போனால் 'லூஸ் அவுட் ஆன்'.

தமிழர்கள் அதிகம் இடறுவது பொருளில் அல்ல, எழுவாயில். தமிழில் வாய்ப்பு நழுவும், விலை இறங்கும், நட்டம் வரும். ஆள் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்பார். அந்தப் பழக்கத்தில் 'தி சான்ஸ் லாஸ்ட் அவுட்' என்று எழுதிவிடுகிறோம். தவறு. சான்ஸ் எதையும் இழக்கவில்லை, இழந்தவர் நீங்கள். ஆளையோ ஊரையோ தொழிலையோ முன்னால் வையுங்கள்: 'ஐ லாஸ்ட் அவுட் ஆன் தி சான்ஸ்'.

இன்னொன்று, 'ஐ வாஸ் லாஸ்ட் அவுட்'. நமக்கு நேர்ந்தது என்பதால் செயப்பாட்டுவினையாக இருக்க வேண்டும் என்று தோன்றும். இந்தத் தொடருக்குச் செயப்பாட்டுவினையே கிடையாது. 'ஐ வாஸ் லாஸ்ட்' என்று நிறுத்தினால் பொருளே வேறு. மீனாட்சியம்மன் கோயிலில் தெற்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசலில் வெளியே வந்து முழிக்கிறோமே, அந்த நிலை அது.

எதை இழந்தோம் என்பதற்கு 'ஆன்'. யாரிடம் இழந்தோம் என்பதற்கு 'டு'. நூல் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைக்கு நாள் கணக்கில் கை வேலை உண்டு. அதே புள்ளியை அச்சடித்தால் விலை பாதிக்கும் கீழே. 'ஹேண்ட்-டைட் சுங்குடி இஸ் லூஸிங் அவுட் டு ப்ரின்டட் சாரீஸ்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் பொருளை முதலில், ஆளைப் பின்னால் வைப்பது இயல்பு. ஜல்லிக்கட்டில் ஒரு மாடு வித்தியாசத்தில் கார் பரிசு கைநழுவினால், 'ஹி லாஸ்ட் அவுட் ஆன் தி கார் டு எ மேன் ஃப்ரம் தி நெக்ஸ்ட் வில்லேஜ்'. மயிரிழையில் போனது என்றால் 'நேரோலி லாஸ்ட் அவுட்'. இன்டர்வியூவில் கைவிட்டுப்போன வேலையைப் பற்றிச் சொல்ல இதைவிடக் கௌரவமான சொற்சேர்க்கை இல்லை.

'ஆன்' என்பதற்குப் பின் பெயர்ச்சொல் வையுங்கள். 'லூஸ் அவுட் ஆன் டு கெட் தி ஸீட்' பிழை. 'லூஸ் அவுட் ஆன் கெட்டிங் தி ஸீட்' இலக்கணப்படி சரிதான், ஆனால் சுற்றிவளைப்பு. 'லூஸ் அவுட் ஆன் தி ஸீட்' போதும். கபடியில் மேலூர் அணி உசிலம்பட்டியிடம் தோற்றால் 'லாஸ்ட் டு' மட்டும், நடுவில் 'அவுட்' வேண்டாம். நேருக்கு நேர் ஆடித் தோற்பது அது. இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரை விட்டுவிட்டார்கள் என்றால்தான் 'லாஸ்ட் அவுட் டு'.

'மிஸ் அவுட் ஆன்' இதற்குப் பக்கத்து வீடு. வெளிநாட்டில் வேலை, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முடியவில்லை என்றால் 'ஐ மிஸ்ட் அவுட் ஆன் இட்'. யாரும் அதைத் தட்டிப் பறிக்கவில்லை, அதனால் அங்கே 'லூஸ் அவுட்' ஒட்டாது. 'மிஸ் பண்ணிட்டேன்' என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்லிப் பழகியதால் 'ஐ மிஸ்ட் தி ஜாப்' என்றும் எழுதுகிறோம். படிக்கிறவருக்கு, அந்தப் பழைய வேலையை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று படும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'மிஸ் அவுட்' நேரடியாகச் செயப்படுபொருளும் ஏற்கும்: பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டார்கள் என்பதற்கு 'தே மிஸ்ட் அவுட் மை நேம்'. 'லூஸ் அவுட்' அப்படி ஏற்காது.

'கோட்டை விட்டான்' என்பதை இதற்கு ஈடாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கோட்டை விட்டவனின் அசட்டை அதில் தெரிகிறது. 'லூஸ் அவுட்' ஆள்மேல் பழி போடாது. பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் தாமதமாகத் திறந்தால் மேலூர் பக்கம் கடைமடைக்காரருக்குக் கிடைக்காமல் போகும். அதில் அவர் செய்த தப்பு என்ன? 'டெயில்-எண்ட் ஃபார்மர்ஸ் லூஸ் அவுட் வென் தி வாட்டர் கம்ஸ் லேட்' என்பது அங்கே கச்சிதம். பத்திரிகைக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் இது ஆகும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கிற மனுவை ஆங்கிலத்தில் எழுதினால் 'ஆர் அட் எ டிஸ்அட்வான்டேஜ்' இன்னும் பொருந்தும்.

உச்சரிப்பில் 'அவுட்' மேல்தான் அழுத்தம். எழுத்தில் ஒரே ஓ: எல், ஓ, எஸ், இ. இரண்டு ஓ போட்டால் தளர்ந்த சட்டைக்குச் சொல்கிற 'லூஸ்' ஆகிவிடும், நம்மூரில் கிறுக்கனைத் திட்டுகிற அதே சொல். அதுவும் அகராதிச் சொல்தான் என்பதால் கம்ப்யூட்டரின் எழுத்துப்பிழைத் திருத்தி பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது.