இன்சூரன்ஸ் விக்கவா நான் பேங்க்ல சேர்ந்தேன்?

கேள்வி: பதினாலு வருஷமா பேங்க் வேலை. எங்க பேங்கை இன்னொரு பேங்கோட இணைச்சதுல சாஃப்ட்வேர் மாறிடுச்சு, மேனேஜர் மாறிட்டாரு, கவுன்ட்டர்ல இருந்த என்னை இப்போ இன்சூரன்ஸ் விக்கச் சொல்றாங்க. வேலையை விட்டுடலாமான்னு இருக்கு. எனக்கு மட்டும்தான் இப்படியா? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்களுக்கு மட்டும் இல்லங்க, இணைப்பு நடந்த எந்த பிராஞ்சுலயும் லஞ்ச் டைம்ல இதே பேச்சுதான். ஆனா நீங்க சொன்ன மூணும் ஒண்ணு கிடையாது. புது சாஃப்ட்வேர்ல கைக்குப் பழகின ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யாது, எதிர்ல க்யூ நீளும், சாயந்தரம் கேஷ் டேலி ஆகாம எட்டு மணி வரைக்கும் உக்காரணும், கொடுமைதான், ஆனா சில மாசத்துல சரியாயிடும். மேனேஜர் உங்களுக்கு முன்னாடியே டிரான்ஸ்ஃபர்ல போனாலும் போயிடுவாரு.

மூணாவதுதான் நிஜமான பிரச்சனை, அது மாறப்போறதும் இல்ல. 1967ல லண்டன்ல முதல் ஏடிஎம் வந்தப்புறம் கேஷியர் வேலையே போயிடும்னு பயந்தாங்க, ஆனா அமெரிக்காவுல ஏடிஎம் பெருகியும் பல வருஷம் ஆள் குறையல, ஏன்னா பிராஞ்ச் நடத்துற செலவு குறைஞ்சு புதுசா நிறைய பிராஞ்ச் திறந்தாங்க, பணம் எண்ற வேலை சுருங்கி விக்கிற வேலை வளர்ந்துடுச்சு. அதனால வேற பேங்க் போனாலும் டார்கெட் உங்களை விடாது.

விக்கிறதே பிடிக்கலையா, இல்ல தேவையில்லாதவங்க தலைல கட்டச் சொல்றது பிடிக்கலையா? முதல்னா ஆபரேஷன்ஸ், ஆடிட் பக்கம் மாத்திக் கேளுங்க. ரெண்டாவதுனா உஷாரா இருங்க. அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோங்கற பேங்க்ல டார்கெட்டுக்காக கஸ்டமருக்கே தெரியாம கணக்கு திறந்தது 2016ல பெருசா வெடிச்சப்போ, அதுக்குள்ள சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தாங்க, சேர்மன் பதவி விலகினது அதுக்கப்புறம்தான். அதனால யாராவது "எப்படியாவது கையெழுத்து வாங்கிடு"ன்னு வாயால சொன்னா, அதையே மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, பாதிப் பேரு அனுப்ப மாட்டாங்க.

என்னைக் கேட்டா, வேலை பாரத்தை விட "அடுத்து என்ன ஆகும்னே தெரியல"ங்கறதுதான் நிறைய பேரைத் துரத்துது. சீனியாரிட்டி என்ன, டிரான்ஸ்ஃபர் உண்டான்னு ஹெச்ஆருக்கு எழுத்துல போடுங்க.

ராஜினாமாவுக்கு முன்னாடி ஸ்டாஃப் லோன் இருந்தா அந்த சாங்ஷன் லெட்டரை முழுசா படிங்க, வேலையை விட்டா சலுகை வட்டி போயிடுமா, மொத்தமா கட்டச் சொல்வாங்களான்னு அதுலதான் இருக்கும், பலரும் கடைசி நாள்லதான் அதைப் பாக்கறாங்க. பென்ஷனுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் வேணும்னும் கேட்டு வெச்சுக்கோங்க. அந்தக் கணக்கு ஒத்துவந்து, வேற ஆஃபரும் கைல இருந்தா, தாராளமா கிளம்புங்க.