முதல் வாரமே முதலிடம்: கார்த் புரூக்ஸின் ‘ரோப்பின் த விண்ட்’

வெளிவந்த வாரத்திலேயே, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் எல்லா வகை இசைக்குமான பொதுப்பட்டியலில் முதலிடத்தில் நுழைந்த முதல் கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த பாட்டு வகை) ஆல்பம் எது, அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ‘ரோப்பின் த விண்ட்’. 1991 செப்டம்பரில் வெளியான இந்த ஆல்பம், செப்டம்பர் 28 தேதியிட்ட பில்போர்டு 200 என்ற அந்தப் பொதுப்பட்டியலில், நான்கு வாரங்களாக முதலிடத்தில் இருந்த மெட்டாலிக்கா ராக் குழுவின் ஆல்பத்தை இறக்கிவிட்டு நேராக அங்கே போய் அமர்ந்தது. கன்ட்ரி ஆல்பம் முதலிடம் பெறுவது புதிதன்று. 1969இல் ஜானி கேஷும் 1980இல் கென்னி ரோஜர்ஸும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கீழிருந்து ஏறி வந்தவர்கள்.

இதற்குப் பாட்டைப் போலவே கணக்கும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 1991 மே மாதம் வரை, எந்த ஆல்பம் நன்றாகப் போகிறது என்று இசைத்தட்டுக் கடைகளைக் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையை வைத்தே பில்போர்டு பட்டியல் தயாரித்தது. எத்தனை பிரதிகள் விற்றன என்ற எண்ணிக்கை அதில் இல்லை. கடைக்காரர் ராக் பிரியராக இருந்தால், மூலை அலமாரியிலிருந்து நாள் முழுவதும் நகர்ந்துகொண்டிருந்த கன்ட்ரி கேசட்டுகள் அவர் நினைவுக்கு வராமலே போகலாம். மே 25 தேதியிட்ட இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கல்லாவில் பார்கோடைக் காட்டும்போது எழும் ஒவ்வொரு ‘பீப்’ ஒலியும் ஒரு விற்பனையாகப் பதிவாகத் தொடங்கவே, அதுவரை பட்டியலின் அடியில் கிடந்த கன்ட்ரி ஆல்பங்கள் பல மளமளவென்று மேலே வந்தன. பழைய முறையில் 1975 முதல் மொத்தமே ஆறு ஆல்பங்கள்தாம் முதலிடத்தில் நுழைந்திருந்தன என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பார்கோடுதான் எல்லாம் செய்தது என்று சொல்லிவிட முடியாது. வெளியீட்டுக்கு முன்பே சுமார் 40 லட்சம் பிரதிகளுக்குக் கடைகள் ஆர்டர் கொடுத்திருந்தன. பாடல்களும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பழைய எல்லைக்குள் அடங்கியவை அல்ல. பில்லி ஜோயலின் ‘ஷேம்லெஸ்’ என்ற ராக் பாடலைப் புரூக்ஸ் பாடி, கன்ட்ரி தனிப்பாடல் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். எனக்குப் பிடித்தது ‘பாப்பா லவ்ட் மாமா’. மனைவி வேறொருவனோடு விடுதியில் இருப்பதை அறிந்த லாரி ஓட்டுநர் தன் லாரியையே அந்த அறைக்குள் செலுத்திவிடுகிறார். தாய் கல்லறையில், தந்தை சிறையில் என்று பிள்ளை பாடுகிறது, அதுவும் துள்ளலான மெட்டில். முதன்முறை கேட்டபோது சொற்களைக் கவனிக்காமல் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலிடம் ஒரு வாரத்தோடு கைநழுவியது. அடுத்த வாரமே கன்ஸ் அன்ட் ரோசஸ் ராக் குழுவின் இரண்டு ஆல்பங்கள் முதல் இரண்டு இடங்களையும் எடுத்துக்கொண்டன. இரண்டு வாரம் கழித்து ‘ரோப்பின் த விண்ட்’ திரும்பி வந்து ஏழு வாரம் நின்றது. பிறகு யூ2, மைக்கேல் ஜாக்சன், நிர்வானா என்று ஒவ்வொருவராக வந்து போக, 1992 ஜனவரியில் மீண்டும் இரண்டு வாரம், நிர்வானாவுக்கு ஒரு வாரம் வழிவிட்டுவிட்டு மேலும் எட்டு வாரம் என மொத்தம் 18 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. நிர்வானா ராக் குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்ததும் அமெரிக்க இசையே மாறிவிட்டது என்று எழுதுபவர்கள், அதே குளிர்காலத்தில் கௌபாய் தொப்பி அணிந்த ஒருவர் அதை இரண்டு முறை கீழே இறக்கியதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதுவரை 1.4 கோடிப் பிரதிகளுக்கான விற்பனைச் சான்று இதற்குக் கிடைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1990இல் வந்த அவருடைய முந்தைய ஆல்பமான ‘நோ ஃபென்சஸ்’ பில்போர்டு 200இல் மூன்றாம் இடத்தைத் தாண்டவே இல்லை; ஆனால் அதற்கான சான்று 1.7 கோடியைக் கடந்துவிட்டது. இவரைப் புதிதாகக் கேட்கப் போகிறீர்கள் என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.